அப்படி ஒருவர் இங்கில்லை

மின்னஞ்சல் பயன்படுத்தும் ஆய்வாளர் எவரும் ஒருமுறையேனும் பெற்றிருக்கக்கூடிய கடிதம் ஒன்று உண்டு. அனுப்புநர் பெயர் ‘மெய்லர் டீமன்’ என்றிருக்கும். நீங்கள் எழுதிய கடிதம் சேர்க்கப்படவில்லை என்று தொடங்கி, 550 என்ற எண்ணையும் அதனருகே 5.1.1 என்ற மற்றோர் எண்ணையும் தந்து, அப்படி ஒரு பயனர் இல்லை என்று அது முடியும். நாம் அதை முழுவதும் படிப்பதில்லை. முகவரியில் எழுத்துப் பிழை உள்ளதா என்று பார்ப்போம். இல்லையெனில், அவர் வேறெங்கோ போய்விட்டார் என்று முடிவு செய்து அதை நீக்கிவிடுவோம்.

அக்கடிதத்தை நான் ஊன்றிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு படிவம் காரணம். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் மூன்று தலைமுறைப் பேச்சைப் பதிவு செய்து ஒப்பிடுவது என் முனைவர் பட்ட ஆய்வு. பேசுவோர் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் ஒன்றில் கையொப்பம் பெற வேண்டும். அப்படிவத்தின் கடைசிப் பத்தி, ‘எந்நேரமும் தாங்கள் இவ்வாய்விலிருந்து விலகலாம், தங்கள் பதிவை நீக்கக் கோரலாம், தொடர்புக்கு’ என்று சொல்லி ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தரும். அம்முகவரி எத்தனை ஆண்டுகள் உயிருடன் இருக்கும் என்பதே இப்பதிவின் கேள்வி. பதிவு சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு முன்னர் இதே பகுதிகளில் களப்பணி செய்த ஆய்வாளர் ஒருவரின் ஆய்வேடு என் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தையது. அவருடைய ஒலிப்பதிவுகளைக் கேட்க விரும்பி, ஆய்வேட்டின் முகப்பில் இருந்த பல்கலைக்கழக முகவரிக்கு எழுதினேன். 550 வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் ‘போஸ்ட்மாஸ்டர்’ முகவரிக்கு எழுதி, அவரை அடைய வழியுண்டா என்று கேட்டேன். அதற்கும் 550 வந்தது. இறுதியாக, அங்குள்ள நூலகத்தின் பொது முகவரிக்கு எழுதினேன். நூலகப் பணியாளர் ஒருவர் என் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைத்தார். பதினொரு நாட்களில் பதில் வந்தது.

அப்பதிலில் பதிவுகளைப் பற்றிய செய்தியோடு வேறொன்றும் இருந்தது. ஆய்வேடு முடித்துச் சில ஆண்டுகள் கழித்து, மாட்டுங்கா சந்தையில் ஓர் இளைஞர் அவரை அடையாளம் கண்டு நிறுத்தினாராம். அவ்விளைஞரின் தந்தை தாராவியில் அவருக்கு நான்கு மணி நேரம் பேசிக் கொடுத்தவர், பின்னர் இறந்துவிட்டார். தந்தையின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை என்பதால், அப்பதிவின் படியொன்று கேட்டுப் படிவத்திலிருந்த முகவரிக்கு மகன் மூன்று முறை எழுதியிருக்கிறார். பதில் இல்லை, கடிதம் திரும்பி வரவும் இல்லை. “நீங்க படிச்சுட்டு விட்டுட்டீங்கன்னுதான் நெனச்சோம் அக்கா” என்பதே அவர் சொன்ன சொல். ஆய்வாளர் தம் பழைய பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் விசாரித்தபோது, அந்நாட்களில் இல்லாத பெயர்களுக்கு வரும் கடிதங்களையும் அவர்களது வழங்கி வாங்கிக்கொண்டு, ஓசையின்றி அழித்துவந்தது தெரிந்தது. பின்னர் அமைப்பு மாற்றப்பட்டது. அதனால்தான் எனக்கு 550 கிடைத்தது. அவ்விளைஞருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையை அறிய வேண்டும். எஸ்எம்டிபி எனப்படும் அஞ்சல் நெறிமுறை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்னும் ஆவணத்தில் வகுக்கப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ள வடிவம் 2008-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 5321. நெறிமுறை என்று சொன்னாலும் அது ஓர் உரையாடலே. அனுப்பும் வழங்கி கதவைத் தட்டித் தன் பெயரைச் சொல்கிறது. பிறகு இன்னாரிடமிருந்து கடிதம் என்கிறது. அதன் பிறகு இன்னாருக்கு என்கிறது. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரிலுள்ள வழங்கி மூன்று இலக்க எண்ணால் விடை சொல்கிறது. 2 என்று தொடங்கினால் சரி. 4 என்று தொடங்கினால் இப்போது இயலாது, பிறகு வா. 5 என்று தொடங்கினால் இல்லை, இனியும் வராதே. பெறுநர் பெயரைச் சொன்னவுடனேயே, கடிதத்தின் உள்ளடக்கம் கைமாறும் முன்பே, அப்படி ஒருவர் இங்கில்லை என்று சொல்லிவிட முடியும். அதுதான் 550. ஒட்டி வரும் 5.1.1 காரணத்தை நுணுக்கமாகச் சொல்கிறது: பெட்டி இல்லை. 5.1.2 என்றால் அப்படி ஒரு களமே இல்லை. முன்னது ஆள் இல்லை என்பது. பின்னது வீடே இல்லை என்பது.

நமக்கு வரும் திருப்புக் கடிதம் பெரும்பாலும் எதிர்த்தரப்பு எழுதியதன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எதிர்த்தரப்பு நம் வழங்கியிடம் 550 என்று சொல்கிறது. அதைக் கேட்டுவந்த நம் வழங்கியே நமக்குக் கடிதம் எழுதுகிறது. வாசல்வரை போய் வந்த ஆள், ‘அவர் அங்கே இல்லையாம்’ என்று வந்து சொல்வதைப் போன்றது. தமிழில் கேள்விவழிச் செய்தியைக் குறிக்கும் அந்த ‘ஆம்’ விகுதி இக்கடிதத்துக்கு மிகப் பொருந்தும்.

மாறாக, உள்ளடக்கம் முழுவதும் கைமாறிய பின் வழங்கி 250 என்று சொல்லிவிட்டால், அது வெறும் தகவலாகாது, பொறுப்பேற்பு ஆகும். ஆஸ்டின் வகுத்த செயற்கூற்று என்னும் கருத்தை மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ‘ஏற்றேன்’ என்று சொல்வதே ஏற்பதாகிறது. அந்நொடியிலிருந்து கடிதத்தைச் சேர்ப்பதோ, சேர்க்க முடியவில்லை என்று அனுப்புநருக்கு அறிவிப்பதோ ஏற்றவரின் கடமை என்று ஆர்எஃப்சி 5321 சொல்கிறது. இயந்திரம் நின்றுபோனது போன்ற அற்பக் காரணங்களால் கடிதத்தை இழக்கக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. தாராவி இளைஞரின் மூன்று கடிதங்களுக்கும் அந்தப் பல்கலைக்கழக வழங்கி மூன்று முறை ‘ஏற்றேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு அழித்தது. அவரிடம் வந்து சேர்ந்த மௌனம் ஓர் இயந்திரத்தின் மௌனம். அவர் அதை ஒரு மனிதரின் மௌனமாகப் படித்தார். வேறெப்படிப் படிக்க முடியும்? பேச்சில் பதில் வர வேண்டிய இடத்தில் வரும் மௌனத்துக்கு நாம் எப்போதும் பொருள் கற்பிக்கிறோம்.

அழிக்கும் நிர்வாகிகள் தீயவர்கள் அல்லர். அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. எரிதம் அனுப்புவோர், சாத்தியமான பெயர்களையெல்லாம் வரிசையாக ஒரு வழங்கியிடம் சொல்லிப் பார்க்கின்றனர். எந்தப் பெயருக்கு 550 வருகிறது, எதற்கு வரவில்லை என்று குறித்துக்கொண்டால், அங்கு யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்கள் கையில் சேர்ந்துவிடும். ‘இல்லை’ என்ற சொல், சொல்லப்படாத பெயர்களைப் பற்றியும் செய்தி தருகிறது. இதே காரணத்தால்தான், ஒருவர் இருக்கிறாரா என்று நேரடியாகக் கேட்பதற்கு நெறிமுறையிலேயே இருந்த ‘விஆர்எஃப்ஒய்’ என்னும் கட்டளையைப் பல வழங்கிகள் முடக்கிவைத்துள்ளன. அல்லது 252 என்ற எண்ணைத் தருகின்றன. ‘உறுதி செய்ய இயலாது, ஆயினும் கடிதத்தைக் கொடு, முயன்று பார்க்கிறேன்’ என்பது அதன் பொருள். அரசு அலுவலகங்களில் நாம் கேட்டுப் பழகிய விடைதான்.

மற்றொரு தொல்லையும் உண்டு. எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு ஆள் இல்லை என்று கண்டு திருப்பி அனுப்பும் வழங்கிகள் ஒருகாலத்தில் மிகுதி. எரிதத்தில் அனுப்புநர் பெயர் பொய்யானது. ஆகவே திருப்புக் கடிதம், எதையும் அனுப்பாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். ஆயிரக்கணக்கில் விழும். இந்தப் பின்சிதறலைத் தவிர்க்கவே சிலர் திருப்பி அனுப்புவதை அறவே நிறுத்தினர். சரியான தீர்வு அதுவன்று. பெயர்ப் பட்டியலை வாசலிலேயே வைத்துக்கொண்டு, உள்ளடக்கத்தை வாங்கும் முன்பே மறுப்பதுதான் தீர்வு. எதிரில் இருப்பவர் உண்மையான அனுப்புநர் என்றால் அவருக்கு மறுப்பு போய்ச் சேரும்; எரித நிரலாக இருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. இன்று பரவலாகப் பயன்படும் அஞ்சல் மென்பொருள்கள் இம்முறையையே இயல்பாகக் கொண்டுள்ளன.

திருப்புக் கடிதமே போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது? அதற்குத் திருப்பு, அத்திருப்புக்கொரு திருப்பு என்று இரு இயந்திரங்கள் உலகம் உள்ளளவும் பேசிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, திருப்புக் கடிதங்கள் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டே அனுப்பப்படுகின்றன. மறுமொழியை எதிர்பாராத வகைக் கடிதம் அது. துக்கச் செய்தி கொண்டுவருபவரிடம் ‘வாருங்கள்’ என்றோ, அவர் புறப்படும்போது ‘போய் வருகிறேன்’ என்றோ சொல்லாத நம் வழக்கம் நினைவுக்கு வருகிறது.

இனி ‘போஸ்ட்மாஸ்டர்’. 1982-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 822-லேயே இப்பெயர் இடம்பெற்றுவிட்டது. ஓரிடத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது, ஆனால் அங்குள்ள எந்த முகவரியும் தெரியாது; அத்தகைய அந்நியருக்காக ஒரு பெயர் எல்லா இடத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆர்எஃப்சி 5321-இல் இது கட்டாயம். கடிதத்தைப் பெற்றுச் சேர்க்கும் எந்த வழங்கியும் போஸ்ட்மாஸ்டருக்கு வரும் கடிதத்தை ஏற்க வேண்டும். கள முகவரி எதுவும் இல்லாமல், வெறுமனே போஸ்ட்மாஸ்டர் என்று மட்டும் சொன்னாலும் ஏற்க வேண்டும்.

எழுத்துமுறையில் ஆர்வமுள்ளோர் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே உண்டு. மின்னஞ்சல் முகவரியில் ‘அட்’ குறிக்கு முன்னுள்ள பகுதியில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு என்றே நெறிமுறை கருதுகிறது. அதன் பொருளை முடிவு செய்யும் உரிமை பெறும் வழங்கிக்கே உண்டு. நடைமுறையில் எவரும் வேறுபடுத்துவதில்லை என்பது வேறு. இவ்விதிக்கு நெறிமுறையே தரும் விலக்கு போஸ்ட்மாஸ்டர். அதை எப்படி எழுதினாலும் ஒன்றே. பிற பெயர்கள் எல்லாம் சிறப்புப் பெயர்கள். உரியவர் எழுதும் வண்ணமே எழுத வேண்டும். இதுவோ பதவிப் பெயர். அதைத் தவறாக எழுத வழியில்லாமல் செய்திருக்கிறார்கள்.

1997 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 2142 இப்பட்டியலை நீட்டியது. முறைகேட்டைப் புகார் செய்ய ‘அப்யூஸ்’, பாதுகாப்புக் குறைபாட்டைத் தெரிவிக்க ‘செக்யூரிட்டி’, களப்பெயர் பற்றிப் பேச ‘ஹோஸ்ட்மாஸ்டர்’ என்று அது வகுத்தது. மும்பையில் இக்கருத்தை விளக்கவே வேண்டியதில்லை. இங்குள்ள ஒவ்வொரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் ஒரு செயலாளர் உண்டு. ‘செயலாளர், இன்ன சொசைட்டி, செம்பூர்’ என்று எழுதினால் போதும். போன ஆண்டு அது மாடி வீட்டு ஐயராக இருந்திருக்கலாம். இவ்வாண்டு தரைத்தளத்துக் குல்கர்ணியாக இருக்கலாம். கடிதம் பதவிக்குப் போகிறது. பதவியில் எப்போதும் ஒருவர் இருக்கிறார்.

இந்நகரத்துக்கு மின்னஞ்சல் வந்த வரலாறும் பதவிப் பெயரின் தேவையைக் காட்டும். 1986-இல் மின்னணுவியல் துறையும் ஐநா வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஜூஹுவில் இருந்த என்சிஎஸ்டி என்னும் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் பவாயில் உள்ள ஐஐடியும் பங்கு பெற்றன. என்சிஎஸ்டியை நிறுவி இயக்கிய சீனிவாசன் ரமணி 2014-இல் இணையப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அக்காலத்தில் கணினிகள் தொலைபேசி வழி ஒன்றையொன்று அழைத்துக் கடிதக் கட்டுகளை மாற்றிக்கொண்டன. யுயுசிபி எனப்பட்ட அம்முறையில் முகவரி என்பது வழித்தடமே: முதலில் இந்தக் கணினி, பிறகு அந்தக் கணினி, அதன் பிறகு இன்னார் என்று, இடையே ஆச்சரியக்குறி இட்டு எழுதுவர். வழியில் ஒரு கணினியின் பெயர் தவறினால் கடிதம் நடுவில் நின்றுவிடும். அங்கே அதை எடுத்துப் பார்த்து, கையால் திருத்தி அனுப்ப ஒரு மனிதர் தேவைப்பட்டார். போஸ்ட்மாஸ்டர் என்னும் சொல்லுக்கு அப்போது உடலும் கண்ணும் இருந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்த பின்னர் எழுதப்பட்ட மும்பை ஆய்வுக் கட்டுரைகளில், ‘ஜியாஸ்பிஎம்’ என்று தொடங்கும் களப்பெயர்களோடு கூடிய முகவரிகளைக் காணலாம். அந்நிறுவனத்தின் பெயரே 2008-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் என்று மாறிவிட்டது. கட்டுரைகள் நூலகத்தில் இருக்கின்றன. முகவரிகளுக்கு வாசல் இல்லை.

காகித அஞ்சலில், ஆள் இல்லாத கடிதத்துக்கென்றே தனி அலுவலகம் இருந்தது. செத்த கடித அலுவலகம் என்ற பழைய பெயர் பின்னர் திருப்புக் கடித அலுவலகம் என்றாயிற்று. பெறுநரும் கிடைக்காமல் அனுப்புநர் முகவரியும் உறையில் இல்லாதபோது, கடிதத்தைத் திறந்து பார்க்க அங்குள்ள அலுவலருக்கு 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம் அதிகாரம் அளித்தது. திறப்பவர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர் என்றும் அச்சட்டம் சொன்னது. அதற்கு முன்பு தபால்காரர் இருக்கிறார். தாராவியின் குறுகிய சந்துகளில் கதவிலக்கம் பெரிதும் உதவாது. 400017 என்ற குறியீடும், இன்ன கோயிலுக்கு எதிரில், இன்ன கடைக்குப் பின்னால் என்ற அடையாளமும், பெறுநரின் ஊர்ப்பெயரும் கொண்டு கடிதம் வந்துவிடுகிறது. தெரியாவிட்டால் தபால்காரர் பக்கத்து வீட்டில் கேட்பார்.

வழங்கி பக்கத்து வீட்டில் கேட்காது. கேட்க முயன்ற காலமும் உண்டு. சென்ட்மெயில் என்னும் பழைய அஞ்சல் மென்பொருளில், முகவரி பொருந்தாவிட்டால் பயனர்களின் முழுப்பெயர்களோடு ஒப்பிட்டு நெருக்கமானவரைத் தேடும் வசதி இருந்தது. அதை இயல்பாகவே அணைத்துவைத்தனர். ஊகம் தவறினால் ஒருவரின் கடிதம் இன்னொருவருக்குப் போய்விடும்.

ஊகம் ஏன் ஆபத்து என்பதை மும்பைத் தமிழ்ப் பெயர்களைக் கொண்டு நன்கு உணரலாம். இங்குள்ள படிவங்கள் குடும்பப்பெயர், தன்பெயர், தந்தை அல்லது கணவர் பெயர் என்ற வரிசையில் கேட்கின்றன. தமிழருக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஒரு தலைப்பெழுத்தும். மாட்டுங்காவில் பழைய தலைமுறையினர் பலர் ‘ஐயர்’ என்று எழுதிக் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பினர். தாராவியில் சிலர் ‘நாடார்’ என்றும் சிலர் தந்தை பெயரையும் எழுதினர். க. செல்வி என்பவர் பள்ளிச் சான்றிதழில் கந்தசாமி செல்வி. ஆதாரில் செல்வி கந்தசாமி. திருமணத்துக்குப் பின் வங்கிக் கணக்கில் செல்வி முருகேசன். நிறுவனத்தின் கணினி இவற்றுள் ஒன்றை எடுத்து முகவரியை உருவாக்கும். ஆங்கிலத்தில் முருகேசனை எழுத மூன்று நான்கு வழிகள் உண்டு. தேவநாகரி வழியாக வந்தால் இன்னும் சில. ஒரே பெயரில் இருவர் இருக்கும் இடத்தில் நெருக்கமான பெயர் என்பது வேறொரு மனிதர். ஆகவே இவ்விடத்தில் இயந்திரத்தின் கண்டிப்பை நான் குறையாகக் கருதவில்லை. தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

அதைவிடக் கொடியது, ஒருவர் விட்டுச்சென்ற பெயரை இன்னொருவருக்கு வழங்கிவிடுவது. 2013-இல் யாஹூ நிறுவனம், நெடுநாள் பயன்படுத்தப்படாத கணக்குப் பெயர்களைப் புதியவர்களுக்கு அளித்தபோது, பழைய உரிமையாளர்களுக்கு வந்த கடிதங்கள் புதியவர்கள் பெட்டியில் விழுந்தன. அதன் விளைவாக 2014-இல் ஆர்எஃப்சி 7293 எழுதப்பட்டது. ‘இன்ன நாள் முதல் இம்முகவரி ஒருவரிடமே இருந்து வந்தால் மட்டும் கொடு’ என்று அனுப்புநர் நிபந்தனை விதிக்க அது வழி செய்கிறது. பல்கலைக்கழகங்களிலும் தலைப்பெழுத்தும் பெயருமாக அமைந்த முகவரிகள் இவ்வாறு மறுசுழற்சிக்கு உள்ளாகக்கூடும்.

இவையெல்லாம் ஒப்புதல் படிவத்தோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பதை இனிச் சொல்கிறேன். என்னிடம் பேசியவர்களுள் தாராவி ஆச்சி ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். 1992-93 கலவர நாட்களைப் பற்றி, யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று பெயர் சொல்லிப் பேசியிருக்கிறார். அப்பெயருடையோர் சிலர் இன்றும் அதே சந்தில் வாழ்கிறார்கள். படிவத்தைப் பேரன் உரக்கப் படித்தபோது, முகவரி வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். “நீ படிச்சு முடிச்சுப் போன பொறவு இதுல யாரு இருப்பா, தாயி?” என்று கேட்டார். கணினியைத் தொட்டறியாதவர் கேட்ட அக்கேள்வி, 1982-இல் அந்நெறிமுறையை எழுதியோர் கேட்டுக்கொண்ட கேள்விக்கு மிக அருகில் நிற்கிறது.

நான் பதிவு செய்துள்ள நிறுவனத்தில், ஆய்வேடு ஏற்கப்பட்டபின் குறித்த கால எல்லைக்குள் ஆய்வாளரின் கணக்கு மூடப்படும். பல நிறுவனங்களின் நடைமுறை இதுவே. உரிமக் கட்டணம், பாதுகாப்பு என்று காரணங்களும் சரியானவையே. ஆயினும் விலகும் உரிமைக்கு அப்படி ஒரு கால எல்லை கிடையாது. என் கணக்கு மூடப்பட்ட மறுநாள் ஆச்சியின் பேரன் எழுதினால், நற்பேறிருந்தால் அவனுக்கு 550 கிடைக்கும்; இல்லையெனில் எதுவும் கிடைக்காது. ஒப்புதல் என்பது இருவருக்கிடையே நிகழும் பேச்சு. ஒருவரின் வாயை மூடிவிட்டு மற்றவரின் ஒப்புதல் இன்னும் நிலவுகிறது என்று சொல்வது எந்த அறத்திலும் அடங்காது.

என் மேற்பார்வையாளரோடும் துறை அலுவலகத்தோடும் பேசி, சில மாற்றங்கள் செய்தோம். படிவத்தில் என் பெயரிலான முகவரியோடு, துறையின் பதவி முகவரி ஒன்றும் இப்போது உண்டு. அது எவர் பெயரிலும் இல்லை. துறைத் தலைவர், அலுவலக உதவியாளர், நெறிக்குழுச் செயலர் ஆகிய மூவருக்கும் அது போய்ச் சேரும். ஒருவர் மாறினால் பட்டியல் மாறும், முகவரி மாறாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண் கொடுத்து, அவ்வெண்ணையும் படிவத்தில் எழுதுகிறோம். பெயரை எந்த வரிசையில், எந்த எழுத்துக்கூட்டில் எழுதினாலும் எண் மாறாதல்லவா? மூடப்படும் கணக்குகள், மூடியபின் தெளிவான மறுப்பையும் துறையின் பதவி முகவரியையும் மறுப்பிலேயே தரும்படி கணினி மையத்திடம் கேட்டோம். எவருடைய தனி முகவரியும் வெளிப்படாது என்பதால் இதற்குத் தடை இருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, துறையின் அஞ்சல் முகவரி குறியீட்டெண்ணோடு தமிழில் அச்சிடப்பட்டுள்ளது. தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி அமைக்க 2012 முதல் நெறிமுறையில் இடமுண்டு. ஆனால் எல்லா வழங்கிகளும் அதை ஏற்பதில்லை என்பதால், உரிமை தொடர்பான ஒரு படிவத்தில் அதைச் சோதித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

ஆச்சி இரண்டாம் முறை படிவத்தைக் கேட்டபின் கையொப்பமிட்டார். கலவரம் பற்றிய பகுதியில் மூன்று பெயர்களை நீக்கச் சொன்னார், நீக்கினேன்.

இறந்தவரின் மகனுக்கு அந்த நான்கு மணி நேரப் பதிவு மாட்டுங்காச் சந்திப்புக்குப் பிறகு கிடைத்துவிட்டது என்று முன்னைய ஆய்வாளர் எழுதியிருந்தார். அச்சந்திப்பு தற்செயல். தற்செயலை எந்தப் படிவத்திலும் அச்சிட முடியாது.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்றே உங்கள் நிறுவனத்தின் போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு வெளி மின்னஞ்சல் ஒன்றிலிருந்து இரண்டு வரி எழுதிப் பாருங்கள். அடுத்து, அங்கே இல்லவே இல்லாத ஒரு பெயரைக் கற்பித்து அதற்கும் எழுதுங்கள். முதற்கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் எழுத வேண்டும். இரண்டாவது சில நிமிடங்களில் 550 என்ற எண்ணோடு திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கவில்லையென்றாலும் கணினி மையத்துக்கு எழுத்து வழித் தெரிவியுங்கள். பின்னர் உங்கள் பழைய ஒப்புதல் படிவங்களை எடுத்து, அவற்றிலுள்ள முகவரிகளுக்கும் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். கிடைத்த விடைகளைக் கீழே பகிர்ந்தால், நிறுவனப் பெயர் குறிப்பிடாமல் ஒரு பட்டியலாகத் தொகுத்து, எங்கள் நெறிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்.